ஆக்ஸிலரேட்டர விட்டா பின்னாடி 'டொங்'னு அடிக்குதா? டிஃப்ப கழட்டுறதுக்கு முன்னாடி புஷ்ஷ பாருங்க

கேள்வி இதுதான்: முன்னாடி இன்ஜின், பின்சக்கர டிரைவ், மேனுவல் கியர் கூபே, 1,30,000 கிலோமீட்டர் ஓடிருக்கு, ஆக்ஸிலரேட்டர விட்டுட்டு மறுபடி மிதிச்சா பின்பக்கம் 'டொங்'னு ஒரு அடி. ஒரு மெக்கானிக் டிஃப்ரன்ஷியல் (டிஃப், அதாவது இன்ஜின் இழுவைய ரெண்டு பின் சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்குற கியர் பெட்டி) போச்சு மாத்துங்கறார், இன்னொருத்தர் எல்லா புஷ்ஷையும் (இரும்பு பாகங்களுக்கு நடுவுல அதிர்ச்சி வாங்குற ரப்பர் உருளை) பாலியூரித்தேன்ல (சுருக்கமா பாலி, ரப்பர விட கடினமான பொருள்) மாத்திடு சரியாயிடும்ங்கறார், யார நம்புறது, நானே பண்ண முடியுமா?

ரெண்டு பேருமே வண்டிக்கு அடியில படுத்து பாக்காம சத்தத்த மட்டும் கேட்டு சொல்லிருக்காங்கன்னு தோணுது. டிஃப் உள்ள பல்லு இல்ல பேரிங் தேய்ஞ்சா பெரும்பாலும் ஊளையிடும், இல்ல உறுமும், வேகம் ஏற ஏற அந்த சத்தமும் ஏறும். மிதிக்கும்போது ஒண்ணு, விடும்போது ஒண்ணுன்னு ஒத்தை அடியா அடிச்சா, எங்கேயோ ஒரு ப்ளே (தளர்ந்த இடைவெளி) இருக்கு, டார்க் (சுத்துற விசை) திசை மாறும்போது அந்த இடைவெளி மூடுறப்ப வர்ற சத்தம் அது. அந்த ப்ளே எங்க இருக்குன்னு காதால கண்டுபிடிக்க முடியாது, ஏன்னா பின் சப்ஃப்ரேம் (டிஃப்பையும் பின் சஸ்பென்ஷனையும் தாங்குற சட்டம்), பாடி எல்லாம் ஒரே இரும்பு, கியர்பாக்ஸ் மவுண்ட்ல (கியர்பாக்ஸ தாங்குற ரப்பர் பிடி) அடிக்கிற அடி கூட பின் சீட்டுக்கு கீழ கேக்கும். அதனால எது அசையுதுன்னு கண்ணால பாத்துட்டு அப்புறம் பார்ட்ஸ் வாங்குங்க. நான் சொல்ல வர்றது மொத்தமும் அவ்ளோதான், மத்ததெல்லாம் எப்படி பாக்குறது, எப்படி மாத்துறதுங்கற விவரம்.

முதல்ல புஷ் மேல எவ்ளோ லோடு விழுதுன்னு ஒரு கணக்கு போட்டுக்கலாம். இன்ஜின் 200 நியூட்டன் மீட்டர் குடுக்குதுன்னு வைங்க, முதல் கியர் ரேஷியோ 3.5, அப்போ ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்ல (கியர்பாக்ஸ்ல இருந்து டிஃப்புக்கு போற நீள ஷாஃப்ட்) 700. டிஃப்ல ஃபைனல் ரேஷியோ 4னா ரெண்டு ஆக்ஸிலுக்கும் சேத்து 2800. சக்கரத்த முன்னாடி சுத்துற அதே 2800 டிஃப் ஹவுசிங்க எதிர் திசையில சுத்தப் பாக்கும், அதாவது டிஃப்போட மூக்கு (ஷாஃப்ட் வந்து சேர்ற முன் முனை) மேல தூக்கும். முன் மவுண்டுக்கும் பின் மவுண்டுக்கும் நடுவுல 40 சென்டிமீட்டர்னா ஒவ்வொரு முனையிலயும் 7000 நியூட்டன், 700 கிலோ எடைய அந்த ரப்பர்ல தொங்க விட்டா எப்படியோ அப்படி. க்ளட்ச்ச பட்டுனு விட்டா இதையும் தாண்டும். ஆக்ஸிலரேட்டர விட்டதும் மொத்தமும் தலைகீழா திரும்பி மூக்கு கீழ இறங்கும். ஒவ்வொரு கியர் மாத்தும்போதும் இது நடக்குது, ஒரு லட்சம் கிலோமீட்டர்ல எத்தனை தடவைன்னு நீங்களே யோசிங்க.

வண்டிக்கு வண்டி டிசைன் வேற, அத தெரிஞ்சிக்கிட்டா தேடுறது சுலபம். மாஸ்டா எம்எக்ஸ்-5ல கியர்பாக்ஸையும் டிஃப்பையும் ஒரு நீள அலுமினிய ஃப்ரேம் போட்டு ஒண்ணாக்கிட்டாங்க, அதனால மூக்கு தூக்குற விசைய அந்த நீளமான ஃப்ரேமே வாங்கிக்கும், டிஃப்போட ரெண்டு பக்கமும் நீட்டிட்டிருக்குற காதுல இருக்குற புஷ்ஷுக்கு லோடு ரொம்ப கம்மி. நிஸான் 350இசட்ல டிஃப்ப பிடிக்கிற பெரிய புஷ் உள்ள திரவம் நிரப்பினது, அது ஒழுகிட்டா உள்ள வெறும் காலி, அடி ஆரம்பிச்சிடும். கார்வெட் சி5ல கியர்பாக்ஸ் பின்னாடி இருக்கு, இன்ஜினுக்கும் அதுக்கும் நடுவுல டார்க் ட்யூப், அதுக்குள்ள ரப்பர் கப்ளர் ரெண்டு, வெளிய இருந்து பாத்தா தெரியவே தெரியாது. பிஎம்டபிள்யூல கியர்பாக்ஸ் பின்னாடி வட்டமா ஒரு ரப்பர் ஃப்ளெக்ஸ் டிஸ்க், ஷாஃப்ட் நடுவுல ரப்பர்ல தொங்குற சென்டர் பேரிங். உங்க வண்டியோட சர்வீஸ் மேனுவல எடுத்து டிரைவ்லைன்ல (இன்ஜின்லிருந்து சக்கரம் வரைக்கும் இழுவை போற வழி) எங்கெல்லாம் ரப்பர் இருக்குன்னு முதல்ல ஒரு பட்டியல் போட்டுக்கோங்க: இன்ஜின் மவுண்ட், கியர்பாக்ஸ் மவுண்ட், ஃப்ளெக்ஸ் டிஸ்க் இருந்தா அது, சென்டர் பேரிங், டிஃப் புஷ், சப்ஃப்ரேம் புஷ். இந்த வரிசையிலயே அடியில போய் பாக்கலாம்.

பாக்குறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாருங்க, ஆனா எப்ப சத்தம் வருதுன்னு பிரிச்சு பாருங்க. மேடு பள்ளத்துல நியூட்ரல்ல உருட்டி விட்டாலும் 'டொங்' வந்தா அது டிரைவ்லைன் இல்ல, சஸ்பென்ஷன் ஆர்ம் புஷ், ஷாக் மவுண்ட், லிங்க் அந்தப் பக்கம் போங்க. மிதிச்சு விட்டா மட்டும் வந்தா நம்ம சப்ஜெக்ட். 'டிக் டிக் டிக்'னு சக்கரத்தோட சேந்து வந்தா ஆக்ஸில்ல இருக்குற சிவி ஜாயிண்ட் இல்ல ஷாஃப்ட்ல இருக்குற யூ ஜாயிண்ட் கிராஸ் (ரெண்டும் கோணம் மாறினாலும் சுத்துற இணைப்பு). ஸ்பீடு ஏற ஏற சீட்டுக்கு கீழ நடுக்கம் வந்தா ஷாஃப்ட் பேலன்ஸ், ஃப்ளெக்ஸ் டிஸ்க், சென்டர் பேரிங். ஐடில்ல 'லொட லொட'ன்னு இருந்து க்ளட்ச் மிதிச்சதும் மாறுச்சுன்னா கியர்பாக்ஸ் பேரிங் இல்ல டூயல் மாஸ் ஃப்ளைவீல் (அதிர்வ குறைக்க நடுவுல ஸ்ப்ரிங் வச்ச ரெட்டைத் தட்டு ஃப்ளைவீல்) பக்கம் சந்தேகப்படலாம். இழுவைல கியர் லீவர் முன்னும் பின்னும் நகருதுன்னா கியர்பாக்ஸ் மவுண்ட் இல்ல இன்ஜின் மவுண்ட், இத அசால்ட்டா விடாதீங்க, வளைவுல வேகமா போகும்போது மூணுலிருந்து நாலு போடப் போய் ரெண்டுல விழுந்தா இன்ஜின் ரெட்லைன தாண்டி வால்வ் வரைக்கும் காலி.

இப்ப அடியில. தரை சமமா இருக்கணும், முன் சக்கரத்துக்கு கட்டை, பின்பக்கம் ரெண்டு ஸ்டாண்ட், ஜாக்கிய மட்டும் நம்பி உடம்ப உள்ள விடாதீங்க. இன்ஜின் ஆஃப், கியர்ல போட்டு வைங்க. ரெண்டு பேர் ஆளுக்கொரு பின் சக்கரத்த பிடிச்சு ஒரே திசையில சேந்து முன்னும் பின்னும் ஆட்டட்டும், நீங்க டார்ச் அடிச்சு முன்னாடியிலிருந்து பின்னாடி வரைக்கும் ஒவ்வொரு இடமா பாருங்க. ஆக்ஸில் ஸ்ப்லைன்ல (ஷாஃப்ட் முனையில இருக்குற நீளப் பல்லுங்க), டிஃப் பல்லுல, கியர்பாக்ஸ்ல எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ப்ளே இருக்கத்தான் செய்யும், டிஃப் உள்ள இருக்குற பெரிய கிரவுன் கியர் பல்லுல வேணும்னே 0.1லிருந்து 0.2 மிமீ வரைக்கும் இடைவெளி விடுவாங்க, எல்லாம் கூடி ஷாஃப்ட் சில டிகிரி சுத்துறது சகஜம். இங்கதான் நிறைய பேர் பயந்து டிஃப்ப குறை சொல்லிடுறாங்க. நீங்க பாக்க வேண்டியது சுத்துற பாகத்த இல்ல, சுத்தக் கூடாத ஹவுசிங்க. ஹவுசிங் சப்ஃப்ரேமுக்கு எதிரா எழும்பி இறங்குதா, எவ்ளோ?

அடுத்து ஒரு நீள லீவர எடுத்து டிஃப்புக்கும் சப்ஃப்ரேமுக்கும் நடுவுல விட்டு மெதுவா நெம்புங்க, அலுமினிய ஹவுசிங் விளிம்புல முட்டுக் குடுக்காதீங்க, உடையும். நல்ல ரப்பர் அழுத்தமா எதிர்த்துட்டு ஒண்ணு ரெண்டு மிமீ போகும், விட்டா திரும்பி வந்துடும். போன ரப்பர் ஆடுற பல்லு மாதிரி எந்தப் பக்கம் தள்ளினாலும் போகும், கடைசியில இரும்பும் இரும்பும் முட்டுற சத்தம் கேக்கும், கேட்ட உடனே உங்களுக்கே தெரியும் நீங்க தேடுற சத்தம் இதுதான்னு.

ரப்பர பாக்கும்போது ரெண்டு விஷயத்துல ஏமாறாதீங்க. ஒண்ணு, நிறைய புஷ்ல கம்பெனியே பிறை வடிவத்துல காலி இடம் விட்டிருப்பாங்க, ஒரு திசையில மெத்துன்னு இருக்கணும்னு, அத கிழிசல்னு நினைச்சு மாத்துறவங்க உண்டு. ஓரம் மழமழன்னு இருந்தா டிசைன், பிசிறா இருந்தா கிழிசல். ரெண்டு, மேல்பரப்புல சின்னச் சின்ன வெடிப்பு வயசானதால வர்றது, பாக்க பயமா இருக்கும், ஆனா வேலை செய்யும். ரப்பர் இரும்பு ஸ்லீவோட (உறையோட) ஒட்டியிருக்குற இடத்துல பிரிஞ்சிருக்கா, வெடிப்பு உள்ள வரைக்கும் போகுதான்னு பாருங்க, அதுதான் தீர்ப்பு. லீவர்ல நெம்பி வச்சுட்டு பாத்தா மூடியிருந்த வெடிப்பு வாய் திறக்கும். புஷ்ஷ சுத்தி கருப்பா எண்ணெய் வழிஞ்ச தடம் இருந்தா அது புஷ் உள்ள இருந்த திரவமா, இல்ல டிஃப்போட பினியன் சீல் (ஷாஃப்ட் உள்ள போற இடத்துல ஆயில தடுக்குற வளையம்) ஒழுகுறதான்னு தனியா பாக்கணும். கியர் ஆயில் பட்ட இயற்கை ரப்பர் ஊறி மெத்துன்னு ஆகி போயிடும், சீல மாத்தாம புஷ்ஷ மட்டும் மாத்துனா புதுசும் அதே கதிதான்.

இன்னொரு நல்ல சாட்சி, உரசின தடம். டிஃப் மேல இருக்குற பாடி, ஹீட் ஷீல்டு, ஷாஃப்ட் போற டன்னல் இங்கெல்லாம் பளபளன்னு தேய்ஞ்ச புள்ளி இருந்தா ஏதோ ஒண்ணு அது வரைக்கும் நகர்ந்து போய் அடிக்குது.

அப்பவும் சந்தேகம்னா ஒரு ஆக்‌ஷன் கேமராவ சப்ஃப்ரேம்ல இறுக்கமா கட்டி, டிஃப்லயும் சப்ஃப்ரேம்லயும் பெயிண்ட்ல நேருக்கு நேரா கோடு போட்டு, ஆள் இல்லாத இடத்துல ரெண்டாவது கியர்ல 2000 ஆர்பிஎம் பக்கம் மிதிச்சு விட்டு மிதிச்சு விட்டு ஓட்டுங்க. வந்து ஸ்லோ மோஷன்ல பாத்தா கோடு எவ்ளோ விலகுதுன்னு தெளிவா தெரியும். இன்ஜின் ஓடும்போது கியர்ல போட்டு அடியில ஆள படுக்க வச்சு பாக்கச் சொல்ற ஆளுங்க இருக்காங்க, கண்டிப்பா வேண்டாம், கேமராவுக்கு தலை உடைஞ்சா வேற வாங்கிக்கலாம்.

ஃப்ளெக்ஸ் டிஸ்க் இருக்குற வண்டின்னா அதுக்கு ஒரு தனி வார்த்தை. போல்ட் ஓட்டைங்களுக்கு நடுவுல வெடிப்பு இருக்கா, உள்ள இருக்குற நூல் வெளிய எட்டிப் பாக்குதான்னு பாருங்க, இருந்தா அடுத்த வாரம்னு தள்ளாதீங்க. மத்த புஷ் கிழிஞ்சா சத்தம் வரும், இது முழுசா கிழிஞ்சா ஷாஃப்ட் வேகத்துல சுழண்டு டன்னல அடிக்கும்.

சரி, எது போச்சுன்னு தெரிஞ்சிருச்சு, எதுல மாத்துறது? இதுல எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து இருக்கு. ரோட்ல மட்டும் ஓடுற வண்டிக்கு கம்பெனி ரப்பரே போடுங்க, கம்பெனி ரப்பர் பொதுவா ஷோர் ஏ கணக்குல (ரப்பரோட கடினத்த அளக்குற அளவு, எண் ஏற ஏற கடினம்) 50-60 பக்கம் இருக்கும், அதையே கொஞ்சம் கடினமா செஞ்ச மோட்டார்ஸ்போர்ட் ரப்பர் கிடைச்சா இன்னும் நல்லது. பாலியூரித்தேன் 75லிருந்து 95 வரைக்கும் வரும், டிஃப் அசையாது, ஆக்ஸிலரேட்டர் ரெஸ்பான்ஸ் டக்குனு இருக்கும், முழு த்ராட்டில்ல பின் சக்கரம் தத்தித் தத்தி குதிக்கிறது குறையும், ஆனா அது வரைக்கும் ரப்பர் முழுங்கிட்டிருந்த கியர் சத்தம் கேபினுக்குள்ள வரும். அலுமினியத்துல சாலிட் புஷ் ரேஸ் வண்டிக்கு மட்டும், தினம் ஓட்டுனா தலைவலி.

டிஃப் மவுண்டுக்கு பாலி போடுறதுல தப்பே இல்ல, ஏன்னா அங்க புஷ் சுத்தறதில்ல, அமுங்குறதோட சரி. சஸ்பென்ஷன் ஆர்ம்ல விஷயம் வேற, அங்க ரப்பர் முறுக்கிக்கிட்டு வேலை செய்யும், பாலி முறுக்காது, வழுக்கணும், கிரீஸ் காஞ்சா கீச் கீச்தான். 'எல்லா புஷ்ஷையும் பாலி'ங்கற ஆலோசனைய நான் ஒத்துக்காததுக்கு ஒரு காரணம் இது.

அத விட பெரிய காரணம், மவுண்டுங்க எல்லாம் ஒரு செட்டா வேலை செய்யும். மூணு புஷ்ல ரெண்டு பழைய மெத்து ரப்பர், ஒண்ணு மட்டும் கல்லு மாதிரி பாலின்னா, லோடு முழுக்க அசையாத ஒண்ணு மேல போய் விழும், மத்த ரெண்டும் நகர்ந்துக்கும், அப்போ அந்த ஒண்ண பிடிச்சிருக்குற காது இல்ல பிராக்கெட் வளைஞ்சு வெடிக்கும். கியர்பாக்ஸ் மவுண்ட மட்டும் சாலிடா போட்டு இன்ஜின் மவுண்ட ரப்பர்ல விட்டு கியர்பாக்ஸ் ஹவுசிங்க உடைச்ச கதை டிராக் வண்டி ஆளுங்களுக்கு புதுசில்ல. அதனால கிழிஞ்சது ஒண்ணுதான்னாலும் டிஃப்போட எல்லா புஷ்ஷையும் ஒரே கடினத்துல ஒண்ணா மாத்துங்க, இன்ஜின், கியர்பாக்ஸ் மவுண்டும் ஒரே ஜாதியா இருக்கட்டும்.

நானே பண்ணலாமான்னா, கியர்பாக்ஸ் மவுண்ட் யார் வேணாலும் பண்ணலாம், கீழ ஒரு ஜாக்கி மரக்கட்டை வச்சு தாங்கிட்டு நாலு போல்ட். டிஃப் புஷ் முழு ரெண்டு நாள் வேலைன்னு நினைச்சு இறங்குங்க. எக்ஸாஸ்ட் இறங்கணும், ஷாஃப்ட் கழட்டணும், கழட்டுறதுக்கு முன்னாடி ஃப்ளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்குற தட்டு) ரெண்டுலயும் பெயிண்ட் மார்க் கட்டாயம், அதே இடத்துல திரும்ப மாட்டலேன்னா இல்லாத நடுக்கம் வரும். ஆயில் இறக்குறதா இருந்தா முதல்ல ஊத்துற ப்ளக்க லூஸ் பண்ணிப் பாருங்க, அது வரும்னு உறுதியான அப்புறம் கீழ் ப்ளக். சின்ன ஸ்போர்ட்ஸ் கார் டிஃப்பே முப்பது கிலோ சுலபமா வரும், கையில தாங்கலாம்னு நினைக்காதீங்க, கியர்பாக்ஸ் ஜாக்கி வாடகைக்கு எடுங்க. பின்னாடி அவ்ளோ வெயிட் இறங்கினா வண்டி முன்பக்கம் சாயப் பாக்கும், ஸ்டாண்ட் இடம் அதுக்கு ஏத்த மாதிரி இருக்கணும். சப்ஃப்ரேம இறக்க வேண்டியிருந்தா பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், ஏபிஎஸ் ஒயர் இழுபடுதான்னு ஒவ்வொரு இன்ச்சுக்கும் பாத்துக்கோங்க.

பழைய புஷ்ஷ எடுக்குறதுதான் உண்மையான சண்டை. எடுக்குறதுக்கு முன்னாடி மூணு விஷயத்த ஃபோட்டோ எடுங்க, இல்ல எழுதி வைங்க: எந்தப் பக்கத்துல இருந்து உள்ள போயிருக்கு, விளிம்புல இருந்து எவ்ளோ ஆழம், காலி இடம் எந்த திசைய பாக்குது. புது புஷ்ஷ இதுல ஒண்ணு மாத்திப் போட்டாலும் சீக்கிரம் கிழியும். அப்புறம் புது கிட்டோட பேப்பர படிங்க, சில பாலி கிட்டுக்கு பழைய இரும்பு ஸ்லீவ் அப்படியே இருக்கணும், சிலதுக்கு ஸ்லீவும் வெளிய வரணும். படிக்காம ஸ்லீவ அறுத்துட்டா கிட் லூஸா நிக்கும்.

எடுக்குறதுக்கு தடிமனான த்ரெடட் (மரை போட்ட) ராடு, ரெண்டு பக்கமும் வாஷர், ஒரு பக்கம் புஷ் உள்ள விழுற அளவுக்கு பெரிய கப், இன்னொரு பக்கம் ஸ்லீவ் விளிம்ப மட்டும் தள்ளுற சின்ன கப், நட்ட இறுக்க இறுக்க வெளிய வரும். ராடுல கிரீஸ் தடவிக்கோங்க. நகரலேன்னா ரப்பர்ல சுத்தி சுத்தி ட்ரில் போட்டு நடு மெட்டல எடுத்துட்டு, ஹேக்ஸா பிளேடு உள்ள விட்டு ஸ்லீவ்ல ரெண்டு இடத்துல நீளவாக்குல அறுத்து உளி வச்சு உள்நோக்கி மடக்குங்க, ஓட்டைய அறுத்துடாம நிதானமா. நெருப்பு வச்சு ரப்பர எரிக்கிற வழி நிறைய வீடியோல இருக்கு, அந்த புகை விஷம், பக்கத்துல பெட்ரோல் டேங்க் வேற, நான் சொல்ல மாட்டேன்.

ஓட்டைய துரு போக சுத்தம் பண்ணி விளிம்ப லேசா சாய்ச்சு விடுங்க. புது புஷ்ஷ ராத்திரி முழுக்க ஃப்ரீசர்ல வைங்க, 60 மிமீ விட்டம் அலுமினிய ஸ்லீவ் 40 டிகிரி குளிர்ந்தா 0.05 மிமீக்கு கொஞ்சம் மேல சுருங்கும், ப்ரெஸ் ஃபிட்டுக்கு அது பெரிய உதவி. இரும்பு ஸ்லீவ்னா அதுல பாதிதான், அப்போ எதிர்பக்கம் அலுமினிய ஹவுசிங்கா இருந்தா அத ஹீட் கன்ல சூடு பண்ணிக்கலாம். ரப்பருக்கு சோப்புத் தண்ணி, பாலிக்கு கிட்ல வர்ற சிலிக்கான் கிரீஸ். பெட்ரோலியம் கிரீஸ ரப்பர்ல தடவாதீங்க, ஊறிடும். முதல் அஞ்சு மிமீ நேரா போகுதான்னு பாருங்க, சாய்ஞ்சா உடனே வெளிய எடுத்து மறுபடி, சுத்தியலால அடிச்சு நேராக்கலாம்னு போனா ஓட்டை கெட்டுடும்.

மாட்டும்போது எல்லா போல்ட்டையும் கையால ஏத்திட்டு, டிஃப் தானா உக்காந்த அப்புறம் டார்க் ரெஞ்ச்ல மேனுவல் அளவுக்கு இறுக்குங்க. ஒரு போல்ட்ட முழுசா இறுக்கிட்டு அடுத்தத நெம்பி ஏத்துனா புது புஷ் முதல் நாளே முறுக்கோட நிக்கும். ஒரு தடவை மட்டும் பயன்படுத்தணும்னு சொல்ற நட்டு, நீளுற டைப் போல்ட் எல்லாம் புதுசு போடுங்க. ஆர்ம் புஷ் எதையாவது கழட்டியிருந்தா அந்த போல்ட்ட சக்கரம் தரையில நிக்கிற உயரத்துல வச்சுதான் கடைசியா இறுக்கணும், தொங்கும்போது இறுக்குனா ரப்பர் எப்பவும் முறுக்கிக்கிட்டே இருக்கும். ஃப்ளெக்ஸ் டிஸ்க்ல அம்புக்குறி இருக்கும், அது ஃப்ளாஞ்ச்சோட கைய பாத்து இருக்கணும், இறுக்கும்போது ஃப்ளாஞ்ச் பக்கத்த சுத்துங்க, டிஸ்க் பக்கத்த ஸ்பேனர்ல பிடிச்சு வைங்க. சென்டர் பேரிங்க முன்பக்கமா கொஞ்சம் தள்ளி ப்ரீலோடு (முன்கூட்டியே ஒரு அழுத்தம்) குடுக்கணும், பழைய பிஎம்டபிள்யூ 3 சீரிஸ்ல பலதுக்கு 4லிருந்து 6 மிமீ. ஷாஃப்ட்ல ரெண்டு கிராஸ் இருந்தா ரெண்டோட கோணத்தையும் ஆங்கிள் கேஜ்ல அளந்துடுங்க, ஒண்ணுக்கொண்ணு சமமா எதிரெதிரா, 3 டிகிரிக்குள்ள இருந்தா நிம்மதி, ஏன்னா தொங்கிப் போன பழைய புஷ்ஷோட ஓடின டிஃப் இப்ப சில மிமீ மேல ஏறிருக்கும்.

உங்க டிஃப் கிளட்ச் டைப் எல்எஸ்டின்னா (ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுத்தாம தடுக்குற டிஃப்) ஜிஎல்-5 தர கியர் ஆயிலோட ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையரும் மேனுவல் சொல்ற அளவுக்கு ஊத்துங்க. சில நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு எல்லா போல்ட்டையும் ஒரு தடவை டார்க் ரெஞ்ச்ல செக் பண்ணுங்க.

அப்பவும் லேசா ஒரு 'டொக்' மிச்சம் இருந்தா மனச விடாதீங்க. ஆக்ஸில் பெரிய நட்டோட டார்க், ஹப்ல ஸ்ப்லைன் காஞ்சிருக்கா, சிவி ஜாயிண்ட், சப்ஃப்ரேம் புஷ், கடைசியா டூயல் மாஸ் ஃப்ளைவீல், இந்த வரிசையில போங்க. டிஃப்ப திறக்குறது இழுவைல மட்டுமோ, விடும்போது மட்டுமோ ஊளை கேட்டா, இல்லேன்னா இறக்குன ஆயில்ல இரும்புத் துண்டு வந்தாதான். காந்த ப்ளக்ல சாம்பல் பேஸ்ட் மாதிரி ஒட்டியிருக்குறது சாதாரணம்தான், துடைச்சுட்டு மாட்டிடுங்க.